துவைப்பது யார் என்று கேட்டுவிட்டுத் துணியை வெட்டுங்கள்: ஐந்து பரிசுப் போர்வைகளின் திட்டக் குறிப்பு

கையால் தைத்துப் பரிசாகக் கொடுக்கும் ஒட்டுத்துணிப் போர்வை, அதாவது குயில்ட், போன வீட்டில் பெரும்பாலும் இரண்டில் ஒரு கதியை அடைகிறது. "இதைப் போய் எப்படிப் போர்த்திக்கொள்வது" என்று பீரோவின் மேல்தட்டுக்கு ஏறிவிடும். அல்லது முதல் துவைப்பிலேயே சிவப்புச் சாயம் வெள்ளைக் கட்டங்களில் பரவி, உள்ளே பஞ்சு உருண்டு, கால்மிதி ஆகிவிடும். இரண்டுமே தையலின் குறையல்ல. யாருக்கு, எந்த அளவில், எந்தத் துணியில், எந்தத் தேதிக்குள் என்பதை வெட்டுவதற்கு முன் முடிவு செய்யாததன் குறை.

இந்தக் குறிப்பு ஓராண்டுக்கான ஐந்து போர்வைகளைப் பற்றியது. பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று, விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு ஒன்று, புதுமணத் தம்பதிக்கு ஒன்று, டொராண்டோவில் இருக்கும் நண்பருக்கு ஒன்று.

முதலில் கேட்க வேண்டியது பிடித்த நிறத்தை அல்ல, "யார் துவைப்பார்கள், எதில் துவைப்பார்கள்" என்பதை. விடுதிப் பிள்ளை பக்கெட்டில் ஊறவைத்து மிதிக்கும். பாட்டி வீட்டில் துவைக்கும் கல் இருக்கிறது. வேலைக்கு வருபவர் கல்லில் ஓங்கி அடிப்பார். தம்பதியிடம் 6.5 கிலோ மெஷின் இருக்கும். டொராண்டோவில் துணி டிரையருக்குள் போகும். இந்த நான்கும் நான்கு விதமான போர்வையைக் கேட்கின்றன. கல்லில் அடிபடும் போர்வைக்குள் பஞ்சு வைத்தால் ஆறு மாதம் தாங்காது. டிரையருக்குப் போகும் போர்வையின் துணியை முன்பே வெந்நீரில் சுருக்கி எடுக்காவிட்டால் ஓரம் சுருண்டு நிற்கும்.

எடையையும் முதலிலேயே கணக்குப் போட்டுவிடலாம். மேல் துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றும் சேர்ந்து சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிராம் வரும். துணி 120 முதல் 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற அளவு), நடுவில் வைக்கும் பருத்தி வாடிங், அதாவது பஞ்சு விரிப்பு, 150 ஜிஎஸ்எம் என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. 90க்கு 102 இஞ்ச் கல்யாணப் போர்வை ஏறக்குறைய 5.9 சதுர மீட்டர்; காய்ந்த நிலையிலேயே 2.4 கிலோ. நனைந்தால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. 6.5 கிலோ மெஷினில் இது ஒன்றை மட்டும் தனியாகப் போட்டால் சுற்றும், வேறு துணியோடு சேர்த்தால் ஒரு பக்கமாக ஒதுங்கி மெஷின் குலுங்கும். ஆறு அடி கட்டில் என்பதற்காக 108க்கு 108 என்று தைப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நேரமும் காலமும்

கையிருப்பு நேரம் வார நாட்களில் தினம் ஒரு மணி, ஞாயிறு மூன்று மணி என்றால் வாரத்துக்கு 8 மணி. சனிக்கிழமையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சனிக்கிழமைக்கு எப்போதும் வேறு வேலை வரும். குழந்தைப் போர்வைக்கு 14 மணி, பாட்டிக்கு 16, விடுதிக்கு 26, டொராண்டோவுக்கு 22, கல்யாணத்துக்கு 60. மொத்தம் 138 மணி, பதினேழு வாரத்துக்குச் சற்று மேல். காகிதத்தில் நான்கு மாதம் என்று வருவதை எட்டு மாதமாக எடுத்துக்கொள்வதே நடைமுறை. பிரித்துத் தைக்கும் நேரத்தை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை.

தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய கட்டுப்பாடு மழை. முடித்த போர்வையை ஒருமுறை துவைத்துக் காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மூன்றடுக்குப் பருத்தி இரண்டு நாளானாலும் உள்ளே ஈரம் விடாது. முடை நாற்றம் பிடித்தால் போகாது, கரும்புள்ளி விழுந்தால் அதுவும் போகாது. ஆகவே பொங்கலுக்குக் கொடுக்கும் போர்வை புரட்டாசிக்குள் துவைத்து முடிந்திருக்க வேண்டும். ஆடித் தள்ளுபடியில் துணி வாங்கி ஆவணிக் கல்யாணத்துக்குக் கொடுத்துவிடலாம் என்ற கணக்கு ஒருபோதும் பலித்ததில்லை. ஆடித் துணி தை மாதக் கல்யாணத்துக்கு.

வேலை செய்யும் வரிசை பரிசளிக்கும் தேதியின் வரிசையாக இருக்கத் தேவையில்லை. முதலில் குழந்தைப் போர்வை. தேதி நம் கையில் இல்லை என்பது ஒரு காரணம். சிறியது, சதுரம் மட்டுமே உள்ளது, மெஷினின் தையல் இடத்தைச் சரிசெய்து பழகப் பொருத்தமானது என்பது இன்னொன்று. கல்யாணப் போர்வையில் பழகக் கூடாது. பாட்டியுடையது கைவேலை; மெஷின் வேலை அலுக்கும்போதும் மின்சாரம் போகும்போதும் எடுத்துத் தைக்க அது எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

துணிக்கணக்கு: கால் மீட்டர் ஏன் போதாது

குழந்தைப் போர்வைக்கு 5 இஞ்ச் சதுரங்கள், குறுக்கே 8, நெடுக்கே 9, ஆக 72. தைத்தபின் ஒவ்வொன்றும் நாலரை இஞ்ச். மொத்தம் 36க்கு 40½. ஆறு விதமான துணி என்றால் ஒவ்வொன்றிலும் 12 சதுரம். 44 பன்னா துணியில், அதாவது 44 இஞ்ச் அகலத் துணியில், கரை போக 42 இஞ்ச் கிடைக்கும். ஒரு பட்டையில் 8 சதுரம். 12 வேண்டும் என்றால் இரண்டு பட்டை, அதாவது 10 இஞ்ச். கால் மீட்டர் என்பது 9.84 இஞ்ச். வாங்கும்போதே பற்றாக்குறை, துவைத்தபின் 4 சதவீதம் சுருங்கினால் 9.4. இரண்டாவது பட்டை 5 இஞ்ச் வராமல் 4.4-ல் நின்றுவிடும். 30 சென்டிமீட்டர் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் கால், அரை, முக்கால் என்றுதான் கிழிப்பேன் என்றால் இரண்டு துணியைக் குறைத்துக்கொண்டு மீதியில் அரை மீட்டர் எடுங்கள்.

விடுதிப் போர்வையிலும் இதே பொறிதான். 54க்கு 84 இஞ்ச். தைத்தபின் 6 இஞ்ச் வரும் சதுரங்கள் 9க்கு 14, மொத்தம் 126. ஏழு துணி, தலா 18 சதுரம். 6½ இஞ்ச் பட்டையில் 6 சதுரம்தான் வரும், ஆகவே மூன்று பட்டை, 19½ இஞ்ச். அரை மீட்டர் துவைத்தபின் 18.9 இஞ்ச் ஆகிவிடும். 55 சென்டிமீட்டர் வேண்டும். புதுத்துணி வேண்டாம் என்றால் வீட்டில் உள்ள முழுக்கைச் சட்டைகள் போதும். காலர், கஃப், அக்குள் பகுதியை விட்டுவிட்டால் ஒரு சட்டையில் 12 சதுரத்துக்குக் குறையாமல் கிடைக்கும். பதினோரு சட்டைக்குள் வேலை முடியும். சட்டையின் முதுகுப் பகுதியே நல்ல துணி. முன்பக்கம் பட்டன் பட்டைக்கும் பைக்கும் போய்விடும்.

எந்தத் துணி என்பதில் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். பாப்ளின், கேம்பிரிக், நடுத்தரக் கைத்தறிப் பருத்தி மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். அவற்றோடு மெல்லிய மல்மலைக் கலந்தால் மல்மல் கட்டம் மட்டும் தொய்யும். திருப்பூரிலிருந்து கிலோ கணக்கில் வரும் வெட்டுத்துணி மலிவுதான், ஆனால் பெரும்பாலும் பனியன் துணி. இழுவை உள்ள துணியைக் கால் இஞ்ச் தையலில் நேராகப் பிடிக்க முடியாது. பின்னால் இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் ஃபியூசிங் வைத்து ஒட்டினால் நிற்கும், போர்வை அட்டை போல விறைக்கும். பட்டுச்சேலை நினைவுக்காக ஒரு சிறு கட்டம் வைப்பதோடு நிற்கட்டும். பழைய பட்டு மடிப்புக் கோட்டிலேயே விட்டுப்போகும்.

சாயச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. துணியின் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணிக்கு இடையில் வைத்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்திப் பாருங்கள். நிறம் இறங்கினால் அந்தத் துணி தனியாகத் துவைக்க வேண்டியது. அஜ்ரக், கலம்காரி, அடர்சிவப்புச் சுங்குடி, நீலச் சாயத் துணிகள் இந்தச் சோதனையில் அடிக்கடி மாட்டும். உப்புத் தண்ணீரிலும் வினிகரிலும் ஊறவைப்பது நம் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். இன்றைய பருத்திச் சாயங்களில் அது எதையும் நிறுத்தாது. நூலோடு பிணையாமல் மேலோட்டமாக நிற்கும் மிச்சச் சாயம்தான் ஒழுகுகிறது. அதை வெந்நீரில் கொஞ்சம் சோப்புப் பொடியோடு, தண்ணீர் தெளிவாக வரும்வரை, நான்கு ஐந்து முறை அலசி வெளியேற்ற வேண்டும். ஐந்தாவது அலசலிலும் தண்ணீர் சிவந்தால் அந்தத் துணியை வெள்ளைப் பக்கத்தில் வைக்காதீர்கள். பையாகத் தைத்துக்கொள்ளுங்கள்.

கால் இஞ்ச், அதாவது இரண்டு நூல்

உடை தைக்கும்போது பிடி, அதாவது தையலுக்கு வெளியே விடும் துணி, அரை இஞ்ச் கூடினாலும் குறைந்தாலும் சமாளித்துவிடலாம். இங்கே முடியாது. பிடி சரியாக இரண்டு நூல். அரை நூல் கூடினால் ஒரு தையலுக்கு இரண்டு துணியிலும் சேர்த்து ஒரு நூல் போகும். விடுதிப் போர்வையில் நெடுக்கே 13 தையல். 13 நூல் என்றால் ஒன்றே முக்கால் இஞ்சுக்குச் சற்றுக் குறைவு. எல்லா வரிசையிலும் ஒரே அளவில் தவறினால் போர்வை சின்னதாகும், அவ்வளவுதான். ஒரு வரிசையில் தவறி அடுத்த வரிசையில் சரியாக வந்தால்தான் முனைகள் சேராது.

வீட்டில் இருக்கும் கறுப்புக் கால்மிதி மெஷின்களில் பாதத்தின் ஓரத்துக்கும் ஊசிக்கும் உள்ள தூரம் கால் இஞ்ச் இருப்பது அபூர்வம். கட்டக் காகிதத்தை வைத்து ஊசியைச் சரியாகக் கால் இஞ்ச் கோட்டில் இறக்கி, காகிதத்தின் ஓரம் தகட்டில் எங்கே நிற்கிறதோ அங்கே மருந்துக்கடைப் பிளாஸ்திரியை நான்கு அடுக்காக ஒட்டுங்கள். துணி இடித்து நிற்க ஒரு சுவர் கிடைக்கும். துணியை நகர்த்தும் பல்லை மறைத்துவிடாமல் ஒட்ட வேண்டும். பிறகு 2 இஞ்ச் அகலப் பட்டை மூன்றை இணைத்து அழுத்திப் பாருங்கள். நடுப்பட்டை ஒன்றரை இஞ்ச், மொத்த அகலம் 5 இஞ்ச் வந்தால் மெஷின் தயார். 14-ம் எண் ஊசி, இஞ்சுக்கு 10 முதல் 12 தையல்.

வெட்டுவதற்கு அட்டை மாதிரி வேண்டாம். இருபது சதுரம் வரைந்ததுமே அட்டையின் மூலை மழுங்கும். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் நல்லது. பெயர்ப்பலகைக் கடையில் அக்ரிலிக்கில் வெட்டி வாங்கினால் இன்னும் நல்லது. வரைந்த கோட்டின் உள்பக்கமாக வெட்டுங்கள், பென்சில் தடிப்பே ஒரு சதுரத்தை ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கும்.

இணைத்த பிடியை விரிக்காமல் ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்த வேண்டும். முதல் வரிசையில் வலப்பக்கம், இரண்டாவதில் இடப்பக்கம், மாறி மாறி. வரிசைகளைச் சேர்க்கும்போது எதிரெதிர்ப் பிடிகள் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். குண்டூசி குத்தாமலே முனை சேரும். இஸ்திரிப்பெட்டியை இழுக்காதீர்கள், தூக்கி வைத்து எடுங்கள். இழுத்தால் சதுரம் சாய்சதுரம் ஆகும்.

கல்யாணப் போர்வை

இதற்குச் சிக்கலான நட்சத்திர வடிவங்களை எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். 56 கட்டம் தைக்க வேண்டிய போர்வைக்கு நான்கு பட்டைகள் அடுத்தடுத்து நிற்கும் வேலிக் கட்டமே போதும். ஒரு கட்டம் நெடுக்காக, அடுத்தது குறுக்காக வைத்தால் தூரத்திலிருந்து படிக்கட்டு போலத் தெரியும்.

12 இஞ்ச் கட்டங்கள் குறுக்கே 7, நெடுக்கே 8. சுற்றிலும் 3 இஞ்ச் கரை. மொத்தம் 90க்கு 102. நான்கு நிறத் துணிகளில் 3½ இஞ்ச் பட்டைகளை முழுப் பன்னாவுக்கும் வெட்டி, நான்கையும் நீளவாக்கில் இணைத்துப் பிறகு 12½ இஞ்சாக நறுக்கினால் ஒரு தொகுதியில் மூன்று கட்டம். 56 கட்டத்துக்கு 19 தொகுதி. ஒவ்வொரு நிறத்திலும் 66½ இஞ்ச், சுருக்கத்தையும் சேர்த்து 1.9 மீட்டர். கரைக்கு 90 சென்டிமீட்டர், ஓரப்பட்டிக்கு 80.

இதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. தொகுதியை இணைத்ததும் அகலத்தை அளக்காமல் 12½ என்று நறுக்கிவிடுவது. மூன்று தையலிலும் அரை நூல் கூடியிருந்தால் தொகுதியின் அகலம் 12⅛ ஆகியிருக்கும். நெடுக்குக் கட்டமும் குறுக்குக் கட்டமும் பக்கத்தில் வரும்போது ஒன்று 12⅛, மற்றது 12½. ஐம்பத்தாறு கட்டத்தையும் பிரிக்க வேண்டியிருக்கும். முதல் மூன்று தொகுதியின் அகலத்தை அளந்து, எது வருகிறதோ அந்த அளவில் நறுக்குங்கள். 12⅛ வந்தால் எல்லாவற்றையும் 12⅛ ஆகவே வெட்டலாம். போர்வை இரண்டு மூன்று இஞ்ச் சுருங்கும். அது யாருக்கும் தெரியாது.

கரையை வெட்டுவதற்கு முன் போர்வையின் நீளத்தை நடுவில் அளக்க வேண்டும், ஓரத்தில் அல்ல. கையாளக் கையாள ஓரம் இழுபட்டு அரை இஞ்ச் நீண்டிருக்கும். அந்த அளவுக்குக் கரை தைத்தால் போர்வையின் விளிம்பு அலை அலையாக நிற்கும்; எவ்வளவு இஸ்திரி போட்டாலும் படியாது.

அடுத்த சிக்கல் மெஷினின் இடம். சாதாரண மெஷினில் ஊசிக்கும் உடம்புக்கும் நடுவே ஆறு ஆறரை இஞ்ச்தான் இருக்கிறது. 90 இஞ்ச் போர்வையின் நடுக்கோட்டைத் தைக்க 45 இஞ்ச் பஞ்சுத்துணியைச் சுருட்டி அந்த ஓட்டைக்குள் திணிக்க வேண்டும். முடியும், ஆனால் தையல் நேராக வராது, தோளும் விட்டுப்போகும். ஆகவே மூன்று பாளமாகப் பிரித்துத் தைப்பது நல்லது: இரண்டு கட்ட அகலம், மூன்று கட்ட அகலம், மறுபடி இரண்டு. ஒவ்வொரு பாளத்துக்கும் தனித்தனியாக வாடிங், அடித்துணி வைத்துத் தைத்து, சேரும் பக்கத்தில் மட்டும் 2 இஞ்ச் தைக்காமல் விட வேண்டும். பிறகு மேல்துணிகளை மெஷினில் இணைத்து, வாடிங் ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒட்டினாற்போல் வைத்துப் பெரிய குறுக்குத் தையலில் கோத்து, அடித்துணியின் ஒரு பக்கத்தை மடித்துக் கையால் தைத்து மூட வேண்டும். வாடிங் ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் போர்வையில் ஒரு முதுகெலும்பு ஓடும். படுப்பவருக்கு இருட்டிலும் தெரியும்.

அடித்துணிக்கு 44 பன்னாவில் 9 மீட்டர் ஆகும். 108 பன்னா படுக்கைவிரிப்புத் துணி கிடைத்தால் 3 மீட்டரில் மூன்று பாளமும் வெட்டிவிடலாம். ஈரோடு, கரூர் பக்கம் இது மீட்டர் கணக்கில் கிடைக்கும். நெசவு நெருக்கமான துணி; மெஷினுக்குப் பிரச்சினையில்லை, கையால் குயில்ட் செய்வதென்றால் ஊசி இறங்க மறுக்கும். கைத்தையல் என்றால் எட்டு முழ வேட்டியைப் பாருங்கள். 50 இஞ்ச் அகலம், மூன்றரை மீட்டருக்கு மேல் நீளம், துவைத்துப் பழகிய மென்மை. கரையைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். கரையின் நூல் வேறு விதமாகச் சுருங்கி அந்தக் கோட்டில் மட்டும் துணியை இழுக்கும்.

மூன்றடுக்கைப் பிடித்தல்

அடித்துணியை மொசைக் தரையில் விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும் இழுத்தால் போதும். முரசுத் தோல் போல இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அது சுருங்கி, மேல்துணியை மடித்துவிடும். மேலே வாடிங், அதன்மேல் மேல்துணி, நடுவிலிருந்து வெளியே தடவி விடுங்கள்.

4 இஞ்சுக்கு ஓர் ஊக்கு என்பது கணக்கு. குழந்தைப் போர்வைக்கு 90 ஊக்கு. பத்துப் பன்னிரண்டு கொத்து வாங்கினால் போதும். கல்யாணப் போர்வைக்கு 570 ஆகும், அதைவிட நூலால் இழையோட்டுவது எளிது. இரண்டு இஞ்ச் நீளத் தையல், 4 இஞ்ச் இடைவெளி, வெள்ளை நூல். கறுப்பு நூலின் சாயத்தை நம்ப வேண்டாம்.

கோடு போட, தேய்ந்து மெலிந்த குளியல் சோப்புத் துண்டைப் போல வேறொன்றும் இல்லை. அடர்நிறத் துணியில் வெள்ளையாகத் தெரியும், துவைத்தால் போய்விடும். வெளிர்நிறத் துணிக்கு சாக்குக்கட்டி. இஸ்திரி போட்டால் மறையும் பேனாக்கள் இப்போது கடைகளில் தாராளம். அந்த மை சூட்டில் மறைவது உண்மை, உறையும் குளிரில் திரும்பி வருவதும் உண்மை. டொராண்டோவின் ஜனவரியில் காருக்குள் ஓர் இரவு கிடந்த போர்வையில் நாம் போட்ட கோடெல்லாம் தெரியும்.

வாடிங் விஷயத்தில் இங்கே கிடைப்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஊசியால் குத்தி இழைகளைப் பிணைத்த பருத்தி வாடிங் இருந்தால் அதுவே முதல் தேர்வு. கோடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள். தெரியவில்லை என்றால் 3 இஞ்சுக்கு மேல் போகாதீர்கள். பாலியெஸ்டர் வாடிங் 100 ஜிஎஸ்எம்மே சென்னை வெயிலுக்கு அதிகம், ஊட்டி, கொடைக்கானல் என்றால் சரி. விடுதிப் போர்வைக்குள் ஒரு பழைய ஒற்றைப் படுக்கைவிரிப்பை வைத்தால் போதும்: உருளாது, சீக்கிரம் காயும், மின்விசிறிக்கு அடியில் போர்த்திக்கொள்ளலாம். இலவம் பஞ்சு கூடவே கூடாது. அதன் இழை வழுவழுப்பானது, ஒன்றையொன்று பிடிக்காது, நனைந்தால் கட்டியாகும். தலையணைக்கும் மெத்தைக்கும் அது சரி, துவைக்க வேண்டிய போர்வைக்கு இல்லை.

தைக்கும்போது 16-ம் எண் ஊசி, இஞ்சுக்கு 7 அல்லது 8 தையல், பாத அழுத்தத்தை ஒரு சுற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். மெஷினின் பல் அடித்துணியை மட்டும்தான் இழுக்கிறது. மேல்துணி பாதத்தால் முன்னால் தள்ளப்படுகிறது. கோட்டின் கடைசியில் மேல்துணி மடிந்து சேர்வது இதனால்தான். மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபூட் என்ற பாதத்தை மாட்டினால் இந்தப் பிரச்சினை பெருமளவு தீரும். கால்மிதி மெஷினுக்கும் பொருந்தும் வகை கிடைக்கிறது, கடைக்கு உங்கள் மெஷினின் பாதத்தையே எடுத்துப்போய்க் காட்டுங்கள். எல்லாக் கோட்டையும் ஒரே முனையிலிருந்து தொடங்குங்கள். மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என்று மாற்றித் தைத்தால் கோடுகளுக்கு நடுவே துணி சாய்வாக முறுக்கும். ஜவுளிக் கடையில் விற்கும் மலிவான ரெடிமேட் குயில்ட்களில் இந்த முறுக்கைப் பார்க்கலாம்.

பாட்டிக்கும் குழந்தைக்கும்

பாட்டியின் போர்வைக்குள் வாடிங்கே இல்லை. ஒரு பருத்திச் சேலை 5½ மீட்டர்; கரை போக 42 இஞ்ச் அகலம். 64 இஞ்ச் நீளத்தில் மூன்று துண்டு வெட்டி, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கையால் ஓட்டுத்தையல் போட்டால் 40க்கு 60 அளவில் அரைக் கிலோவுக்குள் ஒரு போர்வை. கல்லில் அடித்தாலும் உள்ளே நகர ஒன்றுமில்லை. வங்காளத்துக் காந்தாவும் மராட்டியத்து கோதடியும் இந்த வழியில் வந்தவைதான். நம் ஊரில் குழந்தைக்கு விரிக்கப் பழைய சேலையை மடித்துத் தைத்ததும் இதன் எளிய வடிவம்.

சேலையை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கொசுவத்தின் கீழ்ப்பகுதியும் இடுப்பில் செருகும் இடமும் இற்றிருக்கும். அந்தத் துண்டு நடு அடுக்குக்கு. இரண்டு கட்டை விரலால் இழுத்தால் சரசரவென்று ஓசையோடு விரிந்தால் நடு அடுக்குக்கும் ஆகாது. முந்தானை இருக்கும் துண்டு மேலே வரட்டும். ஃபால்ஸைப் பிரித்துவிடுங்கள், ஜரிகையையும். கஞ்சிப் பசை முழுவதும் போகும்வரை அலச வேண்டும். கஞ்சி மிச்சமிருந்தால் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும்.

ஒரு இஞ்ச் இடைவெளியில் நெடுக்குக் கோடுகள் என்றால் 40 கோடு, ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர், மொத்தம் 60 மீட்டர் தையல். பழகிய கைக்கு மீட்டருக்கு 8 நிமிடம். எட்டு மணி நேரம். இழையோட்டவும் ஓரம் மடிக்கவும் இன்னொரு எட்டு. நூலை முழங்கை நீளத்துக்கு மேல் எடுத்தால் முறுக்கிக்கொள்ளும்.

வரைபடமே பிடிக்காதவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப் போர்வையில் கட்டமும் கணக்கும் கிடையாது. அடிச்சேலையின் மூலையில் தொடங்கி, கைக்குக் கிடைத்த துண்டுகளை ஓரம் மடித்து மடித்து வைத்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போவார்கள். நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து ஒரு பூ. பாட்டியின் ரவிக்கைத் துண்டுகள், தாத்தாவின் சட்டை என்று சின்னச் சின்னதாகக் குவிந்திருந்தால் இதுவே பொருத்தம்.

ஒன்று மட்டும். யாருடைய சேலையையும் கேட்காமல் வெட்டாதீர்கள். இறந்தவரின் துணியில் போர்வை தைத்துத் தந்தால் ஒரு வீட்டில் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், இன்னொரு வீட்டில் வாசலுக்குள்ளேயே எடுக்க மாட்டார்கள். நல்ல காரியத்துக்குப் போகும் போர்வையில் இது இன்னும் முக்கியம். கறுப்பும் சில வீடுகளில் ஆகாது.

குழந்தை விஷயத்தில் பழந்துணி வரவேற்கப்படும். பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய மெல்லிய துணி போடுவதே நம் வழக்கம். அடித்துணிக்குப் பழைய வேட்டி வையுங்கள். பட்டன், மணி, சமிக்கி, தொங்கும் நூல்முடிச்சு எதுவும் வேண்டாம். ஒரு வயதுவரை குழந்தை தூங்கும்போது தளர்வான போர்வையோ குயில்ட்டோ பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை. முகத்தை மூடினால் விலக்கிக்கொள்ளக் குழந்தையால் முடியாது. ஆகவே இதைப் போர்த்துவதற்காக அல்ல, விழித்திருக்கும்போது தரையில் குப்புறப் போட்டு விளையாடவிடும் விரிப்பாகத் தைத்து, கொடுக்கும்போதே அப்படிச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஓரம், துவைப்பு, சீட்டு

டொராண்டோ போர்வைக்குத் தனியாகச் சொல்ல அதிகமில்லை. 60க்கு 72, ஒன்பது சிறு சதுரம் சேர்ந்த கட்டமும் ஒரே துணியாலான வெற்றுக் கட்டமும் மாறி மாறி மொத்தம் 30. வெற்றுக் கட்டத்துக்குச் செட்டிநாட்டுக் கண்டாங்கியின் கட்டம் போட்ட உடல்பகுதி எடுப்பாக இருக்கும். எடை ஏறக்குறைய 1.1 கிலோ. டிரையருக்குப் போகும் என்பதால் எல்லாத் துணியையும் வெந்நீரில் இருமுறை துவைத்தபின் வெட்டுங்கள்.

ஓரப்பட்டிக்கு நம் தையற்காரர்கள் உடனே கிராஸ் பட்டி, அதாவது துணியின் குறுக்குச் சாய்வில் எடுக்கும் பட்டி, வெட்டுவார்கள். வளைவான கழுத்துக்குத்தான் அது. நேர் ஓரத்தில் கிராஸ் பட்டி இழுபட்டு அலையும், நேர்ப்பட்டியே சரி. இரண்டரை இஞ்ச் அகலத்தில் வெட்டி, இரண்டாக மடித்து, மடிக்காத பக்கத்தைப் போர்வை ஓரத்தோடு வைத்துத் தைத்துப் பின்பக்கம் திருப்பிக் கையால் மூட வேண்டும். ஓரம்தான் முதலில் கிழியும், அங்கே இரண்டு மடிப்புத் துணி இருக்கட்டும். மூலைக்குக் கால் இஞ்ச் முன்பே தையலை நிறுத்தி, பட்டியை மேலே மடித்துப் பிறகு கீழே இறக்கினால் மூலை கூர்மையாக வரும். தைக்கும்போது பட்டியை இழுக்காதீர்கள். இழுத்தால் நான்கு மூலையும் அப்பளம் போலத் தூக்கிக்கொள்ளும்.

முடித்ததும் துவைக்கும் முதல் துவைப்பு நம் வீட்டில் நடக்க வேண்டும். சாயம் இறங்கினால் நம் கண்ணெதிரே இறங்கட்டும். நனைந்திருக்கும்போதே வெந்நீரில் மூழ்க வைத்தால் இறங்கிய சாயம் பெரும்பாலும் போய்விடும், காயவிட்டால் போகாது. பிழியாமல் நீர் வடியவிட்டு, ஒரே கொடியில் தொங்கவிடாமல் இரண்டு மூன்று கொடிகளின் மேல் பரப்பி, நிழலில். ஒரு கொடியில் போட்டால் நனைந்த எடை முழுக்க நடுத் தையலில் தொங்கும்.

பின்பக்க மூலையில் வெள்ளைத் துணிச் சீட்டு ஒன்று: பெயர், ஆண்டு, அதன் கீழே நான்கு வரி. குளிர்ந்த தண்ணீர், கல்லில் அடிக்க வேண்டாம், ப்ளீச் வேண்டாம், நிழலில் விரித்து உலர்த்தவும். சங்கிலித் தையலில் எழுதினால் அழியாது.

பிளாஸ்டிக் உறையில் கட்டிக் கொடுக்காதீர்கள், உள்ளே வியர்க்கும். மிஞ்சிய அடித்துணியில் ஒரு தலையணை உறை போலத் தைத்து அதற்குள் மடித்து வையுங்கள். கூடவே, போர்வையில் உள்ள ஒவ்வொரு துணியிலும் 6 இஞ்ச் துண்டு ஒன்று, ஓரப்பட்டித் துணியில் அரை மீட்டர் நீளத் துண்டு ஒன்று. இந்தத் துண்டுகளும் போர்வையோடு அதே தண்ணீரில் துவைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றாண்டு கழித்துக் கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடும்போது அந்த ஒட்டு மட்டும் புதிதாகப் பளிச்சென்று தெரியும், அடுத்த துவைப்பில் சுருங்கிச் சுற்றியுள்ள துணியை இழுக்கும்.